உளுந்துதான் இட்லி

ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய இட்லிச் செய்முறை ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. கி.பி. 1025-ஐ ஒட்டி இரண்டாம் சாவுண்டராயர் கன்னடத்தில் எழுதிய லோகோபகாரம் என்ற நூலில் அது வருகிறது. உளுந்தை மோரில் ஊறவைக்க வேண்டும். நைசாக அரைக்க வேண்டும். தயிரின் மேல் தெளிந்து நிற்கும் நீரை விட்டுக் கலக்க வேண்டும். சீரகம், கொத்தமல்லி, மிளகு, பெருங்காயம் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். அரிசி இல்லை.

அதற்கு நூறாண்டு முன்பு, 920 அளவில் சிவகோட்டியாச்சாரியார் எழுதிய வட்டாராதனை என்ற கன்னட நூலில் ‘இட்டலிகே’ என்ற பெயர் இருக்கிறது. நூறாண்டு பின்பு, 1130 அளவில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் அமைந்த மானசோல்லாசம் என்ற வடமொழி நூலில் ‘இட்டரிகா’ வருகிறது. அதுவும் உளுந்து மாவுதான். அதிலும் மிளகு, சீரகம், பெருங்காயம். அங்கேயும் அரிசியைக் காணோம். தமிழில் ‘இட்டலி’ என்ற சொல் மச்சபுராணத்தில்தான் முதலில் தென்படுகிறது என்று உணவு வரலாற்றாசிரியர் கே. டி. அச்சையா எழுதுகிறார். அது இவற்றுக்கெல்லாம் பல நூற்றாண்டு பிந்தியது. ‘இட்டு அவிப்பதால் இட்டவி, அது இட்லி ஆயிற்று’ என்று ஒரு விளக்கம் ஊரெல்லாம் சொல்லப்படுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் 920-இலேயே கன்னடத்தில் ‘இட்டலிகே’ என்று இருந்த சொல்லுக்கு அது பொருந்தாது.

இட்லி பற்றிய பேச்சு எப்போதும் அரிசியில்தான் தொடங்குகிறது. எந்த அரிசி, எத்தனை மணி நேரம் ஊற வேண்டும், புழுங்கலா பச்சையா, பழையதா புதியதா என்று. உளுந்து ஏதோ துணைக்கு வந்த பொருள் போல ஒரு டம்ளர் அளந்து போடப்படுகிறது. வரலாறு இதற்கு நேர் எதிர். பெயர் உளுந்துப் பண்டத்தின் பெயர். அரிசி பின்னால் வந்து சேர்ந்தது. அடுப்படியிலும் அதே கதைதான்: இட்லி கல்லாக வந்தால் பத்தில் எட்டு முறை கோளாறு உளுந்தில் இருக்கும், திட்டு மட்டும் அரிசிக்கு விழும்.

அச்சையா மூன்று குறைகளைச் சுட்டிக்காட்டினார். பழைய நூல்களில் வரும் இட்லியில் அரிசி இல்லை, இரவெல்லாம் புளிக்கவைக்கும் வேலை இல்லை, ஆவியில் அவிப்பது இல்லை. இந்த மூன்றும் 800-க்கும் 1200-க்கும் இடையில் இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கலாம், அங்கிருந்த இந்து மன்னர்களின் சமையல்காரர்கள் கொண்டுவந்திருக்கலாம் என்பது அவருடைய ஊகம். ஆவியில் வேகவைக்கும் பாத்திரம் இந்தியாவில் இல்லை என்று 7-ஆம் நூற்றாண்டில் வந்த சீனப் பயணி யுவான் சுவாங் எழுதியதையும் சான்றாகக் காட்டினார். பிறகு பலர் அந்த ஊகத்தையே முடிந்த முடிபாக்கி, ‘இட்லி இந்தோனேசியப் பலகாரம்’ என்று எழுதிவிட்டார்கள். அவர் சொன்னது அவ்வளவு தூரம் போகவில்லை.

எனக்கு அந்த ஊகத்தில் நம்பிக்கை இல்லை. ஆவியில் அவிக்கத் தனிப் பாத்திரம் எதற்கு? பானையில் தண்ணீர், வாயில் இறுகக் கட்டிய துணி, மேலே ஒரு மூடி போதும். இன்றைக்கும் துணி இட்லி அப்படித்தான் வேகிறது. யுவான் சுவாங் கண்ணில் படாதது பாத்திரம்தான், முறை அல்ல. புளிக்கவைப்பதும் நமக்குப் புதிதல்ல. பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரின் வண்டியில் காடி வைத்த பானை கட்டித் தொங்குகிறது. காடி என்பது புளித்த நீர். மதுரைக்காஞ்சியில் கூவியர், அதாவது அப்பம் விற்பவர்கள், இரவுக் கடையில் தூங்கிவழிகிறார்கள். அவர்கள் விற்றவற்றில் ஒன்று ‘நல்வரி இறாஅல் புரையும் மெல்லடை’. இறால் என்றால் தேன்கூடு. தேன்கூடு போலக் கண்கண்ணாக இருந்த மெல்லிய அடை. மாவுக்குள் காற்று புகாமல் அடையில் கண் விழாது.

உளுந்தும் அரிசியும் சேர்ந்ததற்கும் சான்று இருக்கிறது. அகநானூறு 86-ஆம் பாட்டு ஒரு திருமண வீட்டைக் காட்டுகிறது. ‘உழுந்து தலைப்பெய்த கொழுங்களி மிதவை’, உளுந்து கூட்டிச் சமைத்த குழைவான பொங்கல், அங்கே பெருஞ்சோற்றோடு பரிமாறப்படுகிறது. ஆக உளுந்தோடு அரிசி சேர்ந்தது, புளிக்கவைத்தது, மாவில் கண் விழச் செய்தது ஆகிய மூன்றும் இங்கே தனித்தனியாக இருந்தவைதான். அவை எப்போது ஒரே பானையில் கூடின என்பதுதான் கேள்வி. அதற்குக் கடல் தாண்டிப் போக வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

உளுந்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

இட்லியில் உளுந்தின் வேலை என்ன என்பதை, உளுந்து இல்லாத பண்டங்களைப் பார்த்தால் எளிதில் கண்டுகொள்ளலாம். ரவா இட்லியில் உளுந்து மாவு கிடையாது, தாளிப்பில் போடும் நாலு பருப்பு கணக்கில் வராது. அதனால் அதற்குத் தயிரும் சோடா உப்பும் வேண்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத்து அரிசித் தட்டுப்பாட்டில் தாங்கள் கண்டுபிடித்தது என்று பெங்களூரு மாவள்ளி டிபன் ரூம் சொல்லும் பண்டம் அது. கேரளத்துக் கள்ளப்பத்திலும் யாழ்ப்பாணத்து அப்பத்திலும் அரிசி மாவுதான், ஆகவே அவற்றுக்குக் கள் வேண்டும். கோவாவின் சன்னாவுக்கும் அதே கள். கள் கிடைக்காத ஊரில் ஈஸ்ட் போடுகிறார்கள். உளுந்து இருக்கும் மாவுக்கு மட்டும் இவை எதுவும் தேவைப்படுவதில்லை. தானே பொங்குகிறது.

ஏன் என்பதை 1965-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு தெளிவாக்கியது. இட்லி மாவைப் பொங்கச் செய்வது ஈஸ்ட் அல்ல, லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா. மாவு கலந்த முதல் சில மணி நேரத்தில் அது பெருகி, அமிலத்தையும் கரியமில வாயுவையும் சேர்ந்தே உண்டாக்குகிறது. புளிப்பு ஏறிய பிறகு வேறு சில பாக்டீரியாக்கள் வேலையைத் தொடர்கின்றன. இவை வெளியிலிருந்து வருபவை அல்ல. உளுந்திலும் அரிசியிலும் ஒட்டிக்கொண்டே வந்து, ஊறும்போது விழித்துக்கொள்பவை. ‘கையால் கரைத்தால்தான் புளிக்கும், கையில் இருக்கிற கிருமிதான் காரணம்’ என்று சொல்வது சரியல்ல. கரண்டியால் கலக்கினாலும் மாவு புளிக்கும். கையால் கலக்குவதன் பயன் வேறு: அடியில் கிடக்கும் அரிசி மாவு உளுந்தோடு முழுவதும் சேர்ந்ததா என்று விரல்களுக்குத்தான் தெரியும்.

வாயு உண்டானால் மட்டும் போதாது, அது மாவுக்குள் தங்க வேண்டும். கோதுமையில் அதைப் பசையம் (குளூட்டன்) பார்த்துக்கொள்கிறது, அரிசியிலும் உளுந்திலும் பசையம் கிடையாது. 1970-களில் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிலையத்தில் இந்தப் புதிரை ஆராய்ந்தார்கள். உளுந்தில் இருக்கும் குளோபுலின் என்ற புரதம் ஒவ்வொரு காற்றுக் குமிழையும் சுற்றி மெல்லிய தோலாகப் படர்கிறது. உளுந்தின் வழவழப்புக்குக் காரணமான அராபினோகேலக்டன் என்ற மாவுப்பொருள் அந்தத் தோல் ஆவியின் சூட்டில் உடையாமல் தாங்குகிறது. பாசிப்பருப்போ கடலைப்பருப்போ போட்டு அரைத்தால் உளுந்து மாவைப் போல வராததற்குக் காரணம் இந்த வழவழப்புதான். உளுந்து அரைக்கும்போது விரலில் இழுபடுகிறதே, அந்த இழுவையைக் காப்பாற்றுவதுதான் இட்லி வேலையின் முக்கால் பங்கு.

உளுந்து வாங்குவதும் ஆட்டுவதும்

முழு வெள்ளை உளுந்து வாங்குங்கள், கடைகளில் உருட்டு உளுந்து, குண்டு உளுந்து என்பார்கள். உடைத்த பருப்பு வேண்டாம். உடைத்ததில் வெட்டுப்பட்ட பரப்பு அதிகம், ஊறும்போதே வழவழப்பு தண்ணீரில் கரைந்து போகும். வயதும் முக்கியம். அறுவடை முடிந்து சில மாதத்துக்குள் வரும் உளுந்து நன்றாகக் காணும். ஒரு டம்ளர் போட்டால் பாத்திரம் நிறையும். ஓராண்டு கிடந்தது எவ்வளவு ஆட்டினாலும் எழும்பாது. பார்த்துக் கண்டுபிடிக்க உறுதியான வழி இல்லை, மங்கிப் பழுப்பேறியதைத் தவிர்க்கலாம், அவ்வளவுதான். அதனால் புதுக் கடையில் மொத்தமாக வாங்காமல், கால் கிலோ வாங்கி ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு அதே மூட்டையில் மேலும் வாங்குவது நல்லது.

தோலோடு கூடிய கறுப்பு உளுந்தை ஊறவைத்து, தேய்த்துத் தோலை அரித்தெடுத்து ஆட்டுவது பழைய வழக்கம். வேலை அதிகம், ஆனால் அந்த மாவு நன்றாகப் பொங்கும். புளிக்கவைக்கும் நுண்ணுயிர் தோலில் நிறைய. கழுவியபின் ஆங்காங்கே நாலு தோல் ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். இட்லியில் கறுப்புப் புள்ளி தெரியும், அதனால் குறை ஒன்றும் இல்லை.

அளவுக்கு வருவோம். கல் கிரைண்டருக்கு 200 கிராம் முழு உளுந்து, 800 கிராம் இட்லி அரிசி, ஒரு தேக்கரண்டி வெந்தயம். மிக்ஸியில் அரைப்பவர்கள் அரிசியை 600 கிராமுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும், மிக்ஸியில் உளுந்து அவ்வளவாகக் காணாது. டம்ளரில் அளப்பவர்கள் நாலுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்றே வைத்துக்கொள்ளலாம், பெரிய மாற்றம் வராது.

உளுந்தை இரண்டு முறை கழுவி, பிறகு நல்ல தண்ணீர் ஊற்றி முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஊறவையுங்கள். வெயில் காலத்தில் முக்கால் மணியே போதும். இரவு முழுதும் அரிசியோடு சேர்த்து ஊறப்போட்டுவிடுவது மிகப் பரவலான தவறு. ஊறிய தண்ணீரைக் கொட்டாதீர்கள். வழவழப்பில் ஒரு பங்கும் நுண்ணுயிரும் அதில்தான் இருக்கின்றன. ஊறும் கிண்ணத்தை ஃபிரிஜ்ஜில் வைத்துவிட்டால் இன்னும் நல்லது, அரைக்கும்போது மாவு சூடேறாது.

கிரைண்டரில் முதலில் அரை டம்ளர் ஊறல் தண்ணீரோடு உளுந்தைப் போட்டு ஓடவிடுங்கள். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கை தண்ணீர் தெளித்து, ஓரத்தில் ஒட்டியதை வழித்துவிட வேண்டும். மொத்தத் தண்ணீரையும் முதலிலேயே ஊற்றினால் பருப்பு கல்லுக்கு அடியில் நிற்காமல் நழுவும், மாவு நைசாகுமே தவிர நுரைக்காது. 200 கிராம் உளுந்துக்கு மொத்தம் 400 முதல் 500 மில்லி தண்ணீர் பிடிக்கும், புது உளுந்தானால் அதற்கு மேலும் இழுக்கும். நேரம் 25 முதல் 35 நிமிடம். பத்து நிமிடத்திலேயே மாவு நைசாகிவிடும், அங்கே நிறுத்திவிடக் கூடாது. மீதி நேரம் அரைப்பதற்கு அல்ல, காற்றேற்றுவதற்கு. ஒரு சொட்டு மாவைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டால் கரையாமல் உருண்டையாக மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் ஆட்ட வேண்டும்.

சூடு கூடாது. கல் மெதுவாகச் சுற்றும், மாவு குளிர்ந்தே இருக்கும். மிக்ஸியின் கத்தி பத்தாயிரக்கணக்கான சுற்றில் ஓடி இரண்டு நிமிடத்தில் மாவைச் சூடாக்கிவிடும். சூடேறிய உளுந்து மாவில் இழுவை போய்விடும். மிக்ஸிதான் இருக்கிறது என்றால் ஐஸ் தண்ணீர் விட்டு, ஒரு ஜாருக்கு அரை டம்ளர் பருப்புக்கு மேல் போடாமல், முப்பது வினாடி ஓட்டி ஒரு நிமிடம் நிறுத்தி அரைக்கலாம். அரைத்ததைப் பாத்திரத்தில் வழித்து, கையால் ஐந்து நிமிடம் ஒரே பக்கமாக அடித்தால் விட்டுப்போன காற்றில் பாதி வந்துவிடும்.

மின்சாரக் கல் கிரைண்டர் கோயம்புத்தூர் தந்தது. 1955-இல் அங்கே பி. சபாபதி உருவாக்கினார் என்பது வழங்கும் வரலாறு. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. கிராமங்களில் தீபாவளிக்கும் விருந்தாளி வரும்போதும் மட்டும் இட்லி என்றிருந்தது நெடுங்காலம். அன்றாடம் களியும் கூழும் பழைய சோறும்தான். அரிசி அரிதாக இருந்தது ஒரு காரணம். அதற்கு நிகரான இன்னொரு காரணம், ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்து ஒரு கையால் குழவியைச் சுற்றி மறுகையால் மாவைத் தள்ளும் பெண்ணின் தோள்வலி. இட்லியின் வரலாற்றை எழுதுபவர்கள் மன்னர்களின் நூல்களுக்கும் கப்பல் பயணங்களுக்கும் தரும் இடத்தில் ஒரு பங்கை இந்தத் தோளுக்குத் தரவேண்டும். கிரைண்டர் வந்த பிறகுதான் இட்லி அன்றாட உணவாயிற்று. ஆட்டுக்கல்லோடு ஒப்பிட்டு கிரைண்டர் மாவைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் ஆட்டுக்கல்லில் ஆட்டியிராதவர்கள்.

அரிசி

உளுந்து பொங்கும், ஆனால் தனியே நிற்காது. உளுந்து மாவை மட்டும் அவித்துப் பாருங்கள், எழும்பி, எடுத்ததும் அமுங்கி, ரப்பர் போல இழுக்கும். குமிழ்களுக்கு இடையே சுவராக நிற்க ஏதாவது வேண்டும். அரிசி அந்தச் சுவர். அதனால்தான் அதை நைசாக அரைக்கக் கூடாது. இரு விரலுக்கிடையே தேய்த்தால் சன்ன ரவை போல நெருடும் பதத்தில் நிறுத்த வேண்டும். தோசைக்கு மட்டும் ஆட்டுவதானால் இன்னும் நைசாக ஓட்டலாம்.

புழுங்கல் அரிசி ஏன் என்பதற்கும் இதுதான் விடை. நெல்லை அவித்துக் காயவைக்கும்போது அரிசிக்குள் இருக்கும் மாவுச்சத்து ஒருமுறை வெந்து மீண்டும் இறுகிவிடுகிறது. ஊறியபின் அது ஒட்டாமல் மணிமணியாக உடையும், வேகும்போது தண்ணீரைப் பிடித்துவைத்து மெத்தென்று நிற்கும். பச்சரிசி மட்டும் போட்டால் பிசுபிசுப்பு வரும், ஆறியதும் இறுகும். குண்டான, நன்றாக அவித்த, மலிவான புழுங்கல்தான் இட்லிக்கு ஏற்றது. சாப்பாட்டுக்கு வாங்கும் சன்ன ரகப் பொன்னியை இட்லிக்கு ஆட்டுவது வீண் செலவு, பதமும் அவ்வளவாக வராது.

அரிசி நாலிலிருந்து ஆறு மணி நேரம் ஊறட்டும். வெந்தயம் அரிசியோடு ஊறலாம், உளுந்தோடு அரைபடலாம். அதிலும் ஒரு வழவழப்பு உண்டு, குமிழைத் தாங்க உதவும். ஒரு தேக்கரண்டிக்கு மேல் போனால் கசப்பும் செம்மையும் தட்டும். 800 கிராம் அரிசி ஆட்ட 500 மில்லி தண்ணீரில் தொடங்கி, வேண்டியபடி 100 மில்லி கூட்டிக்கொள்ளலாம். 15 முதல் 20 நிமிடம். உளுந்தை முதலில் ஆட்டி வழித்துவிட்டு அதே கல்லில் அரிசியைப் போடுவது வழக்கம், கல்லில் ஒட்டிய உளுந்தும் வீணாகாது.

இட்லி ஆறியபின்னும் மெத்தென்று இருக்க ஒரு கை அவலோ, சாதமோ, ஜவ்வரிசியோ சேர்க்கிறார்கள். அவல் நல்லது, ஒரு கிலோவுக்கு 50 கிராம் போதும். நாலைந்து ஆமணக்கு விதையைத் தோல் நீக்கி உளுந்தோடு ஆட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு. இட்லி பஞ்சாக வரும் என்பது உண்மைதான். ஆனால் ஆமணக்கில் ரிசின் என்ற கொடிய நச்சு இருக்கிறது, தோலை உரிப்பதால் அது போகாது. நன்றாக வேகும்போது அழியக்கூடியதே என்றாலும், பச்சை மாவை நாக்கில் தொட்டு உப்புப் பார்க்கும் வழக்கமுள்ள வீடுகளில், குழந்தைகள் இருக்கும் வீடுகளில், அது வேண்டவே வேண்டாம். நல்ல உளுந்து இருந்தால் அது தேவையும் இல்லை.

உளுந்தின் விலை எப்போதும் அரிசியைவிட அதிகம். கடை மாவிலும் மலிவு விலை இட்லியிலும் முதலில் குறைவது உளுந்துதான். குறைந்த உளுந்தை ஈடுகட்ட சோடா உப்பு விழுகிறது. இட்லி எழும்பும், ஆனால் மஞ்சள் படரும், சோப்பு வாடை அடிக்கும், விண்டால் பொலபொலவென்று உதிரும். புரதமும் குறையும். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, உளுந்தில் அது நிறைய. உளுந்தில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. உளுந்தைக் குறைத்தால் இந்த ஈடுகட்டலும் கெட்டுப்போகிறது.

புளிக்கவைத்தல்

இரண்டு மாவையும் சேர்த்து, ஒரு கிலோ தானியத்துக்கு 25 கிராம் அளவு கல்லுப்புப் போட்டு, அடிவரை கையை விட்டு இரண்டு மூன்று நிமிடம் கலக்குங்கள். கரண்டியில் எடுத்து ஊற்றினால் நாடாவாக மடிந்து விழுவது சரியான பதம். தண்ணீராக ஓடினால் குமிழ் தங்காது. அரிசி அடியில் படிந்து, மேலே உளுந்து நுரையாகத் தனியே நிற்கும். ரொம்பக் கெட்டியானால் பொங்க இடமின்றி வெடிப்பு விடும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

28-லிருந்து 32 டிகிரி வரை உள்ள சூட்டில் எட்டுப் பத்து மணி நேரத்தில் மாவு ஏறக்குறைய இரு மடங்காகும். சென்னையில் மே மாதத்தில் ஆறு மணி நேரத்திலேயே ஆகிவிடும், அதற்கு மேல் விட்டால் புளிப்புத்தான் ஏறும், மாவு ஏறாது. அந்த நாட்களில் உப்பை முதலிலேயே போடுவது புளிப்பின் வேகத்தைக் கொஞ்சம் பிடித்துவைக்கும். குளிர் காலத்திலும், ஊட்டி, பெங்களூரு போன்ற ஊர்களிலும் உப்பைக் காலையில் அவிக்கும் முன் போடலாம். 14 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டி வரும். பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள அண்டாவில் இறக்கி மூடிவைப்பது எளிய வழி. விளக்கு மட்டும் எரியும் மின் அடுப்புக்குள் (ஓவன்) வைப்பதும் சரி, அடுப்பை முடுக்கிவிடக் கூடாது. 40 டிகிரியைத் தாண்டினால் பொங்கச் செய்யும் பாக்டீரியா பின்தங்கி, புளிக்கவைப்பவை முந்திக்கொள்ளும். பொங்காமலே புளித்த மாவு வருவது இப்படித்தான்.

பொங்கிய மாவைக் கலக்காதீர்கள். காலையில் கரண்டியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவது கைக்கு வந்த பழக்கம், இரவெல்லாம் சேர்ந்த வாயு அந்த ஒரு சுற்றில் பாதி போய்விடும். மேலிருந்து அப்படியே அள்ளி ஊற்ற வேண்டும். அடி மாவு தோசைக்கு.

அவித்தல்

கொப்பரையில் தண்ணீர் தளதளவென்று கொதித்து ஆவி வந்த பிறகுதான் தட்டை இறக்க வேண்டும். ஆறிய தண்ணீரில் தட்டை வைத்து அடுப்பைப் பற்றவைத்தால், சூடு மெல்ல ஏறுவதற்குள் குமிழ்கள் கூடி உடைந்துவிடும், இட்லி தட்டையாகும். சிறிய குழிக்கு எட்டு நிமிடம், பெரியதுக்குப் பத்துப் பன்னிரண்டு. ஈரக் கை விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. கூடுதலாக விட்டால் மேல்தோல் வறண்டு இறுகும். இறக்கி இரண்டு நிமிடம் விட்டுத்தான் எடுக்க வேண்டும், சூட்டோடு எடுத்தால் பிய்யும்.

துணி இட்லிக்கு ஈடு இல்லை என்பது என் முடிவு. எண்ணெய் தடவிய குழியில் அடிப்பக்கம் வழுவழுப்பாக மூடிக்கொள்கிறது. நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் அடியிலிருந்தும் ஆவி நேராக ஏறுகிறது. வெந்ததும் தட்டைக் கவிழ்த்து, துணியின் முதுகில் தண்ணீர் தெளித்து, ஓரத்திலிருந்து உரித்தால் ஒட்டாமல் வரும். பாலக்காட்டுக்கு அருகே ராமசேரியில் இன்றும் மண்பானை வாயில் வலை போல் பின்னிய நூலின் மேல் துணி விரித்து, தோசை போல் பரந்த இட்லியை விறகடுப்பில் அவிக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து போய்க் குடியேறிய முதலியார் குடும்பங்களின் கைவேலை அது. பானையும் துணியும் மட்டுமே வைத்துக்கொண்டு எப்படி அவித்திருப்பார்கள் என்று கேட்பவர்களுக்கு அந்த அடுப்படியே விடை.

காஞ்சிபுரம் இட்லி

மிளகு, சீரகம், பெருங்காயம், தயிர். லோகோபகாரத்தின் இந்த நாலையும் ஒன்றாக இன்று எங்கே காணலாம் என்றால், காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் நைவேத்திய இட்லியில். கொத்தமல்லிக்குப் பதில் சுக்கு. மிளகாய் போர்ச்சுகீசியர் வந்த பிறகு, 16-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. அதற்குப் பின் மிளகு இருந்த இடங்களிலெல்லாம் மெல்ல அது நுழைந்தது. வீட்டு இட்லியில் காரம் மாவை விட்டு வெளியேறி மிளகாய்ப்பொடிக்கும் சட்னிக்கும் போய்விட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. கோயில் மடைப்பள்ளி மிளகாயை ஏற்கவில்லை. அங்கே காரம் மாவுக்குள்ளேயே தங்கிவிட்டது.

உளுந்தும் அங்கே குறையவில்லை. வீட்டு அளவுக்குச் செய்வதானால் பச்சரிசி ஒரு டம்ளர், புழுங்கல் அரிசி ஒரு டம்ளர், உளுந்து ஒரு டம்ளர். மூன்றில் ஒரு பங்கு உளுந்து. மூன்று மணி நேரம் ஒன்றாக ஊறவைத்துக் கொரகொரப்பாக, ரவையைவிடச் சற்றுப் பெரிதாக அரைக்க வேண்டும். நைசானால் குடலை என்ற உயரமான மூங்கில் கூடைக்குள் மாவு தன் எடையிலேயே அமுங்கி, நடுவில் களியாகும். உப்புப் போட்டுக் கெட்டியாகக் கரைத்து இரவு முழுதும் புளிக்கட்டும். காலையில் அரை டம்ளர் புளித்த தயிர், ஒன்றிரண்டாக உடைத்த மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, சுக்குப்பொடி அரைத் தேக்கரண்டி, பெருங்காயம், கறிவேப்பிலை, உருக்கிய நெய்யும் நல்லெண்ணெயும் இரண்டிரண்டு மேசைக்கரண்டி. இதை மட்டும் கலக்கத்தான் வேண்டும். எழும்பியதில் கொஞ்சம் போனாலும் உளுந்து அதிகம் என்பதால் தாங்கும்.

கோயிலில் மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலை சுற்றி மாவை ஊற்றி மணிக்கணக்கில் அவிக்கிறார்கள். வீட்டில் நெய் தடவிய எவர்சில்வர் டம்ளரில் முக்கால் அளவு ஊற்றினால் 20 முதல் 25 நிமிடம். நடுவில் கத்தியை அடிவரை விட்டு எடுத்துப் பாருங்கள், ஈரமாவு ஒட்டினால் இன்னும் ஐந்து நிமிடம். பத்து நிமிடம் ஆறவிட்டு, கத்தியால் ஓரத்தைச் சுற்றி விடுவித்து, கவிழ்த்து விரற்கடைக் கனத்தில் வில்லையாக நறுக்கலாம். நெய்யும் மிளகும் ஊறிய மறுநாள் இதன் ருசி கூடும். தொட்டுக்கொள்ள எதுவும் வேண்டாம்.